நாற்பத்திரண்டில் முப்பத்தொன்பது

12 ஆகஸ்ட் 2013, திங்கள்

இன்றைக்கு எனக்கு எழுபத்தாறு ஆண்டு, நான்கு மாதம், ஒன்பது நாள் வயது. வயதை ஆண்டில் மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வது சோம்பேறித்தனம். சோதனைத் தோட்டத்தில் ஒரு நாற்றின் வயதை நாள்கணக்கில் எழுதுகிறோம். மனுஷிக்கு மட்டும் ஏன் சலுகை காட்ட வேண்டும்?

இந்த நோட்டை வாங்கச் சொன்னவர் நரம்பு மருத்துவர். சென்ற மாதம் அடுப்பை அணைக்காமல் கடைக்குப் போய்விட்டேன் என்று அவரிடம் ஒப்புக்கொண்டது என் தவறு. அன்றன்று நடப்பதை எழுதிவைக்க வேண்டுமாம். ஒரு மாதம் கழித்துப் படித்தால் குழப்பம் எனக்கா, உலகத்துக்கா என்று தெரிந்துவிடுமாம். அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். உலகத்தைப் பற்றி நல்ல அபிப்பிராயம் வைத்திருக்கிறார்.

நடந்தவை: காலை ஆறு மணிக்கு மோட்டார் போட்டேன். ஆறே முக்காலுக்கு மறக்காமல் நிறுத்தினேன். மாநகராட்சி மலேரியாப் பிரிவு ஊழியர் முனிரத்தினம் வந்து மொட்டைமாடிச் சாவியைக் கேட்டார். என் தண்ணீர்த்தொட்டியின் மூடி உடைந்திருக்கிறது, கொசு முட்டையிடும், மாற்றுங்கள் என்று மூன்று மாதமாகச் சொல்லிவருகிறார். ஆள் வைத்து மாற்றுகிறேன் என்று நானும் மூன்று மாதமாகச் சொல்லிவருகிறேன். இருவருமே சொன்ன சொல் மாறாதவர்கள். சாவியைத் தேட நேரமில்லை என்று அனுப்பிவிட்டேன். சாவி என் இடுப்பில் இருந்தது.

கீழ்வீட்டுப் பெண் செண்பகவல்லிக்கு நேற்று நண்பகலில் நடுங்கிக் குளிர்ந்து காய்ச்சல் வந்ததாம். இன்று ஒன்றுமில்லை. துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

குடித்தனக்காரர்களைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். ஜூன் மாதம் குடிவந்தவர்கள். கணவன் இசக்கிராஜுக்குத் துறைமுகத்தில் கன்டெய்னர் யார்டில் ஷிப்ட் வேலை. இந்த இராயபுரம் வீட்டை அவன் எடுத்ததே நடந்துபோகும் தூரம் என்பதற்காக. அவன் தாய் பேச்சியம்மாள், மருமகளின் பிரசவத்துக்காகச் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்திருக்கிறாள். செண்பகவல்லிக்கு இருபத்து நான்கு வயது; ஆறு மாதக் கர்ப்பம். சென்ற ஆண்டு ஒரு கரு மூன்றாம் மாதத்தில் கலைந்தது. அப்போது சளிக்கு ஏதோ மாத்திரை சாப்பிட்டிருந்தாளாம். அதனால்தான் கலைந்தது என்று மாமியார் தீர்ப்புச் சொல்லிவிட்டாள், மருமகளும் மேல்முறையீடு செய்யவில்லை. இரவில் பாம்பைப் பூச்சி என்று சொல்வார்களே, அதுபோல அந்த வீட்டில் மாத்திரையைப் பேர் சொல்லாமல் ‘அது’ என்கிறார்கள்.

13 ஆகஸ்ட், செவ்வாய்

நண்பகல் பன்னிரண்டரைக்குப் பேச்சியம்மாள் மாடிக்கு வந்தாள். கையில் நான் எழுதிய மூலிகைப் புத்தகம். குடிவந்த அன்று நான் கொடுத்த பிரதி. மற்ற வீட்டுக்காரிகள் இனிப்புக் கொடுப்பார்கள். என் கட்டிலுக்கடியில் இனிப்பு இல்லை, நூற்றுக்கும் மேற்பட்ட பிரதிகள் இருக்கின்றன.

மருமகளுக்கு மறுபடியும் குளிர் கண்டிருக்கிறது. இரண்டு போர்வை போர்த்தியும் பல் கிட்டிக்கொள்கிறதாம். எண்பத்து நான்காம் பக்கத்தை விரித்து, வரிக்கு அடியில் விரல் வைத்து, ஐந்தாம் வகுப்புப் படிப்பின் கம்பீரத்தோடு உரக்கப் படித்தாள்: ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும் முறைக்காய்ச்சல் கண்ட நாற்பத்திரண்டு பேருக்குக் கழற்சிப் பருப்பும் மிளகும் சேர்த்த கஷாயம் ஏழு நாட்கள் கொடுக்கப்பட்டது, அவர்களில் முப்பத்தொன்பது பேர் முற்றும் குணமடைந்தனர்.

“இது நெசந்தானா டீச்சரம்மா?” என்று கேட்டாள்.

முப்பத்தொரு ஆண்டு கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராக இருந்தவளை டீச்சரம்மா என்கிறாள். அந்த எரிச்சலில், அச்சில் இருக்கிறதே என்றேன். அது அவளுக்குப் போதுமானதாக இருந்தது. நாட்டு மருந்துக் கடை எங்கே என்று விசாரித்துக்கொண்டு இறங்கிப்போனாள். சற்று நேரத்தில் கீழே அம்மிக்குழவியால் கழற்சிக்காயை உடைக்கும் சத்தம் கேட்டது. அதன் ஓடு கல்லைப்போல் இருக்கும். நாலைந்து அடி வாங்கினால்தான் பருப்பைக் கொடுக்கும்.

14 ஆகஸ்ட், புதன்

காய்ச்சல் இல்லை. பேச்சியம்மாள் மூன்று தோசைகளைத் தட்டில் வைத்து எனக்கு நன்றிக் காணிக்கை கொண்டுவந்தாள். “நேத்து சாயந்தரம் ஒரு வேளைதான் குடுத்தேன். இன்னைக்கு எந்திரிச்சு தோசை சுடுதா. ஒங்க புஸ்தகத்த வச்சுக் கும்புடணும்” என்றாள்.

தோசை நன்றாக இருந்தது.

காய்ச்சல் இன்று வரும் முறையே இல்லை என்பதை அவளிடம் சொல்லியிருக்கலாம். பதினொன்று, பதின்மூன்று, அடுத்தது பதினைந்து. சொல்வதற்காகத்தான் வாயைத் திறந்தேன். திறந்த வாயில் தோசையை வைத்துக்கொண்டேன். ஏன் என்று விளங்கவில்லை. சர்க்கரை இறங்கியிருந்தால் இப்படி ஆவதுண்டு.

15 ஆகஸ்ட், வியாழன்

தெருமுனையில் கொடியேற்றினார்கள். ஒலிபெருக்கி ஓய்ந்தபோது பன்னிரண்டு மணி. கீழே கட்டில் நடுங்கும் ஓசை எனக்கு மாடியில் கேட்டது. பிறகு காய்ச்சல், பிறகு வியர்வை. நாலரை மணிக்கு எல்லாம் முடிந்து, செண்பகவல்லி ஈரத் துணியைப் பிழிந்து போட்டாற்போலக் கிடந்தாள்.

பேச்சியம்மாளுக்குச் சந்தேகம் வரவில்லை. அளவு போதவில்லை, நேரம் தவறிவிட்டது, மிளகு பழசு என்று மூன்று காரணம் வைத்திருந்தாள். மருந்தின்மேல் குற்றம் சொல்லாமல் நோயாளியின்மேலும் மிளகின்மேலும் சொல்வது ஆராய்ச்சியாளர்களின் பழக்கம். இவளுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்?

கழற்சி வீரியமுள்ள சரக்கு. கர்ப்பிணிகளுக்கு ஆகாது என்று விலக்கும் சித்த மருத்துவர்கள் உண்டு. என் புத்தகத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை என்பதை இன்று பிற்பகல்தான் கவனித்தேன். எழுதியவளுக்கு அப்போது கர்ப்பிணிகளைப் பற்றி அக்கறை இருக்கவில்லை போலும்.

16 ஆகஸ்ட், வெள்ளி

முனிரத்தினத்தை நானே கூப்பிட்டனுப்பினேன். இதை எனக்குச் சாதகமாகக் குறித்துக்கொள்கிறேன்.

செண்பகவல்லியின் விரல் நுனியில் குத்திக் கண்ணாடித் தகட்டில் ஒரு துளி ரத்தம் எடுத்தார். பிறகு என்னைப் பார்த்தார். சாவியைக் கொடுத்தேன். கொடுத்ததோடு நானும் பின்னாலேயே படியேறினேன். தொட்டியிலிருந்து ஒரு வெள்ளைக் குவளையில் நீரை மொண்டு நீட்டினார். வேறு கொசுக்களின் புழுக்கள் நீரில் தலைகீழாகத் தொங்கும். மலேரியாக் கொசுவின் புழு மட்டும் நீரின் மேற்பரப்பில் மட்டமாகப் படுத்துக்கிடக்கும். முதலாமாண்டு மாணவிகளுக்கு விலங்கியல் துறையார் இதைத்தான் படம் வரையச் சொல்வார்கள். குவளையில் பதினொன்று எண்ணினேன். எல்லாம் மட்டமாகப் படுத்திருந்தன.

முனிரத்தினம் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். தொட்டியில் மருந்து ஊற்றினார். நாளைக்குப் பிளாஸ்டிக் ஷீட்டும் கயிறும் கொண்டுவந்து கட்டித் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். போகும்போது கீழ்வீட்டுக் கதவின் பின்புறம் ஒட்டியிருந்த வருகை அட்டையில் தேதியையும் கையொப்பத்தையும் இட்டார்.

கல்வராயன் மலையடிவாரத்தில் நான் ஆய்வுக்குப் போன ஊர்களிலும் இப்படித்தான் கதவுக்குப் பின்னால் தேதி எழுதுவார்கள். பச்சமுத்து என்று ஒருவர். அவரைப் பற்றி இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை.

17 ஆகஸ்ட், சனி

மலேரியா. வைவாக்ஸ் என்னும் வகை. ஆளைக் கொல்வது அரிது. ஆனால் வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளின் ரத்தத்தைக் குடித்துவிடும், குறைமாதத்தில் வலி எடுக்க வைக்கும்.

முனிரத்தினம் பதினொரு மணிக்கு மாத்திரையோடு வந்தார். குளோரோகுயின், இன்று நான்கு, நாளை நான்கு, மறுநாள் இரண்டு. கர்ப்பிணிக்குக் கொடுக்கலாம், குழந்தைக்குக் கெடுதல் இல்லை, பிறகு கொடுக்கவேண்டிய பதினாலு நாள் மாத்திரையைத்தான் பிரசவம் முடியும்வரை தரமாட்டோம் என்று விளக்கினார். நன்றாகவே விளக்கினார். வெறும் வயிற்றில் விழுங்கக் கூடாது என்பதால் அவளை முதலில் சாப்பிடச் சொன்னார். அவள் ஓர் இட்லியைப் பிட்டுப் பிட்டுத் தின்றுகொண்டே இருந்தாள். அதற்குள் தொட்டியைக் கட்டிவிட்டு வருகிறேன் என்று மாடிக்கு ஏறினார். இறங்கிவந்தபோது மாத்திரை அட்டை காலியாக இருந்தது. பதிவேட்டில் ‘சாப்பிட்டார்’ என்று எழுதினார்.

பன்னிரண்டரைக்கு வழக்கப்படி குளிர் வந்தது. அதை யாரும் குற்றமாகச் சொல்ல முடியாது; மாத்திரை வேலை செய்ய நேரம் வேண்டும்.

18 ஆகஸ்ட், ஞாயிறு

காலையில் கீழே துவைக்கும் கல்லருகே என் கால் வழுக்கியது. குனிந்து பார்த்தேன். சாக்கடை வாயில் நான்கு வெள்ளை வட்டங்கள், ஓரங்கள் கரைந்து.

நிமிர்ந்தபோது செண்பகவல்லி கதவருகே நின்றிருந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவள்தான் முதலில் பேசினாள். “மேடம், உங்க புஸ்தகத்துல எழுதியிருக்கது வயித்துல புள்ள இருக்கவங்களுக்கும் சேத்துத்தான?”

அப்படிப் பிரித்து எழுதவில்லை என்றேன். எழுத்துக்கு எழுத்து உண்மை.

அவள் முகம் தெளிந்தது. ஒரு வாளி நீரை எடுத்துக் கல்லருகே ஊற்றினாள். வட்டங்கள் போய்விட்டன.

மாடிக்கு வந்து காபி போட்டேன். அந்த நான்கு மாத்திரைகளைப் பற்றி முனிரத்தினத்திடம் சொல்ல வேண்டும் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி, மறக்காமலிருக்கக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்தேன். பிற்பகலில் அவர் இரண்டாம் நாள் மாத்திரையைக் கொடுக்க வந்தார். ஞாயிற்றுக்கிழமை விடுமுறையிலும் வந்தார். காய்ச்சல் இல்லை என்று கேட்டு மகிழ்ந்தார். பேச்சியம்மாள் மாத்திரையைக் கையில் வாங்கிக்கொண்டு, சோறு தின்றதும் கொடுக்கிறேன் என்றாள். நான் மாடிப்படியில் நின்றிருந்தேன். துண்டுத்தாள் நன்றாகவே ஞாபகம் இருந்தது.

இதை மறதியில் சேர்ப்பதா, வேறெதிலா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். கேட்கமாட்டேன்.

19 ஆகஸ்ட், திங்கள்

குளிர், காய்ச்சல், வியர்வை. இம்முறை வாந்தியும். இசக்கிராஜ் இரவு ஷிப்ட் முடித்துத் தூங்காமல் மனைவியின் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

முனிரத்தினத்தின் குழப்பத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. பத்து மாத்திரையில் எட்டு உள்ளே போயிருக்கிறது, காய்ச்சல் அசையவில்லையே என்று என்னிடம் வந்து உட்கார்ந்தார். படித்தவள் என்பதால் என்னிடம் யோசனை கேட்டார். “பதினெட்டு வருசமா இந்த ஏரியா பாத்துகினு இருக்கேன் மேடம். மாத்திரை கேக்காத கேஸ் ஒண்ணுகூட வந்ததில்ல. இதான் மொதல். மேல ரிப்போர்ட் பண்ணிடப் போறேன்.”

என்ன எழுதுவீர்கள் என்று கேட்டேன். மாத்திரை முழுதும் சாப்பிட்டும் குணமாகவில்லை என்று எழுதுவேன் என்றார்.

அவருக்குக் காபி கொடுத்தேன். இரண்டு கரண்டி சர்க்கரை கேட்டார். மூன்று போட்டேன். அவர் போன பிறகு, அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நேர்மையான மனிதர் ஒரு பொய்யைப் பதிவேட்டில் எழுதப்போகிறார். அது பொய் என்று தெரிந்தவர்களில் நானும் ஒருத்தி. அறையில் எனக்கு எது எங்கே இருக்கிறது என்று சற்று நேரம் பிடிபடவில்லை. கண்ணாடியை அணிந்துகொண்டே கண்ணாடியைத் தேடினேன்.

20 ஆகஸ்ட், செவ்வாய்

இஸ்திரி போடுபவரின் உதவியோடு பரணிலிருந்து 1973ஆம் ஆண்டுக் கள நோட்டுகளை இறக்கினேன். பார்த்தேன். மூடிவைத்தேன்.

21 ஆகஸ்ட், புதன்

நேற்று எழுதியது போதாது என்று படுகிறது. இன்றும் அதற்குமேல் எழுத முடியாது.

பன்னிரண்டு மணிக்குத் தொடங்கிய குளிர் முக்கால் மணி நேரம் நீடித்தது. காய்ச்சல் நூற்று நான்கு. ஆனால் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நண்பகலிலிருந்து குழந்தை அசையவில்லை என்று செண்பகவல்லி சொன்னாள். சத்தம் போடாமல், அடுத்த வீட்டுச் செய்தியைச் சொல்வதுபோலச் சொன்னாள். அதனால்தான் எல்லோரும் பயந்தோம். இரண்டு கைகளையும் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு, கதவுக்கு வெளியே யாரோ வருவதற்காகக் காத்திருப்பவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். ஐந்து மணிக்கு ஒருமுறை அசைந்தது. பிறகு இல்லை. ஏழு மணிக்கு மறுபடி.

முனிரத்தினம் ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொன்னார். கண்ணின் கீழ் இமையை இழுத்துக் காட்டினார், சிவப்பே இல்லை. ரத்தம் வற்றுகிறது, இனியும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்றார். பேச்சியம்மாள் மறுத்தாள். ஆஸ்பத்திரியில் அதைத்தான் கொடுப்பார்கள், ஊசியாகவும் போடுவார்கள்; போன பிள்ளையைக் கொடுத்தது போதும் என்றாள். ஊரில் அவளுக்குத் தெரிந்த வைத்தியர் இருக்கிறாராம். நாளை மாலை ரயிலில் மருமகளைக் கூட்டிப்போய், அவர் மேற்பார்வையில் என் புத்தகத்தில் உள்ளபடி ஏழு நாள் தவறாமல் கஷாயம் கொடுப்பாளாம். இங்கே நடுவில் மாத்திரைப் பேச்சு வந்ததால்தான் மருந்து முறிந்ததாம்.

பன்னிரண்டு மணி நேர ரயில். மறுநாள் இருபத்து மூன்று, ஒற்றைப்படை நாள். ரயிலை விட்டு இறங்கிய சில மணி நேரத்தில் அவளுக்குக் குளிர் வரும்.

இசக்கிராஜ் என்னிடம் வந்து, நீங்க சொல்லுங்க மேடம், அம்மா உங்க பேச்சைத்தான் கேக்குது என்றான். சொல்கிறேன் என்றேன். போய், ரயிலில் போகாதே, ஆஸ்பத்திரிக்குப் போ என்று பேச்சியம்மாளிடம் சொன்னேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். தன் மருந்தின்மேல் தனக்கே நம்பிக்கை இல்லாத அளவுக்குப் பட்டணம் இவளைக் கெடுத்துவிட்டதே என்று அவள் எண்ணியது முகத்தில் தெரிந்தது. முப்பத்தொன்பது பேர் என்று எனக்கே நினைவூட்டினாள்.

கழற்சியில் கசப்புப் பொருள் உண்டு. காய்ச்சலுக்கு அதைத் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்துவந்திருக்கிறார்கள். அதில் ஆராய வேண்டியது இருக்கிறது என்று இன்றும் நம்புகிறேன். ஆராய வேண்டியது இருக்கிறது என்பதற்கும் ஆராய்ந்தாயிற்று என்பதற்கும் நடுவில் ஒரு தூரம் உண்டு.

ஏன் இதை எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

22 ஆகஸ்ட், வியாழன்

காலை ஒன்பது மணிக்குக் கீழே போனேன். சொன்னேன்.

24 ஆகஸ்ட், சனி

தொட்டிக்குப் புதிய மூடி போட்டாயிற்று. கொத்தனாரோடு முனிரத்தினமும் வந்து, விளிம்பில் எறும்பு நுழையும் இடைவெளிகூட இல்லை என்று விரலால் தடவிப் பார்த்தார். தெருவிலுள்ள மற்ற தொட்டிகளின் மூடிகளையும் பார்த்துச் சொல்ல முடியுமா என்று என்னைக் கேட்டார். எழுபத்தாறு வயதில் படியேறச் சொல்கிறீர்களா என்றேன். கீழே நின்று கத்தினாலே போதும், உங்களுக்கு அது வரும் என்றார். ஒப்புக்கொண்டேன்.

கீழ்வீடு பூட்டியிருக்கிறது.

27 ஆகஸ்ட், செவ்வாய்

ஒற்றைப்படை நாள். பன்னிரண்டு மணிக்கு மாடிப்படியில் வந்து நின்றேன். ஒரு மணிக்கும் நின்றிருந்தேன். காய்ச்சல் வரவில்லை. இருபத்து மூன்றில் இலேசாக வந்து போயிற்றாம், இருபத்தைந்தில் இல்லை, இன்றும் இல்லை.

செண்பகவல்லி நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டாள். மாத்திரை பத்தையும் செவிலியர் முன்னால் விழுங்கினாள். ரத்தம் எட்டுக்கு இறங்கியிருந்தது, இரும்புச்சத்து கொடுக்கிறார்கள். வயிற்றில் குழந்தை உதைக்கிறது. மாலையில் அவள் வாசலில் உட்கார்ந்து, சேலை மடிப்பு அசைவதை முனிரத்தினத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். அந்த மனிதர் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் பதினேழாம் தேதி ‘சாப்பிட்டார்’ என்றிருந்ததைச் சிவப்பு மையால் அடித்திருந்தார். நான் சொல்லித்தான் அடித்தார். சாக்கடை வாயில் என்ன கிடந்தது, அதைப் பார்த்தும் நான் எத்தனை நாள் பேசாமலிருந்தேன் என்பதை அவரிடம் தேதியோடு சொன்னேன். அவர் காபி வேண்டாம் என்றார். மறுநாள் வந்தபோது குடித்தார்.

பேச்சியம்மாள் மாடிக்கு வருவதில்லை. தோசையும் வருவதில்லை. புத்தகம் என் கதவருகே வைக்கப்பட்டிருந்தது.

இருபத்திரண்டாம் தேதிக்கு ஒரு வரி எழுதி நிறுத்தியிருக்கிறேன். மருத்துவர் படித்தால் மறதி என்று நினைத்துவிடுவார். மறதி இல்லை. அந்த அரை மணி நேரம் மட்டும் ஒரு குழப்பமுமின்றி நினைவிருக்கிறது.

கீழே பைகள் கட்டி வைக்கப்பட்டிருந்தன. இசக்கிராஜ் லீவு சொல்லப் போயிருந்தான். பேச்சியம்மாள் பயணத்துக்குக் கழற்சிக்காய்களை எண்ணித் துணியில் முடிந்துகொண்டிருந்தாள். செண்பகவல்லி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடும் கன்னமும் ஒரே நிறம். அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்துவிட்டேன், எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டும். ஆகவே சொல்லாமல் திரும்ப முடியாது என்று கணக்குப் போட்டுத்தான் உட்கார்ந்தேன்.

1973இல் நான் ஆய்வுக்குப் போன மூன்று மலையடிவார ஊர்களுக்கும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மலேரியா ஊழியர் ஒருவர் சைக்கிளில் வருவார் என்று தொடங்கினேன். பேர் பச்சமுத்து. காய்ச்சல் என்று யார் சொன்னாலும் விரலில் ரத்தம் எடுத்துவிட்டு, அங்கேயே நான்கு வெள்ளை மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்க வைப்பார். நான் கஷாயம் கொடுத்துவந்தவர்களுக்கும் கொடுத்தார். தாமே என்னைத் தேடிவந்து, இன்னின்னாருக்கு மாத்திரை கொடுத்திருக்கிறேன், உங்கள் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள் அம்மா, இல்லாவிட்டால் உங்கள் கணக்குத் தப்பாகிவிடும் என்று சொன்னார். குறித்துக்கொண்டேன். பேர் பேராக, தேதியோடு. ஆய்வேட்டில் அதை எழுதவில்லை. எழுதியிருந்தால் மூன்று ஆண்டு உழைப்பு அன்றைக்கே குப்பை. பட்டம் வந்தது, வேலை உயர்ந்தது, புத்தகம் வந்தது. காரணங்கள் உண்டு, யாருக்குத்தான் இல்லை? முப்பத்தொன்பது பேரைக் குணப்படுத்தியது என் கழற்சி என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. அந்த முப்பத்தொன்பது பேரும் பச்சமுத்துவின் மாத்திரையை விழுங்கியவர்கள். அவர்களில் ஐந்து பேர் வயிற்றுப்பிள்ளைக்காரிகள். ஐவருக்கும் பிள்ளை நல்லபடி பிறந்ததை அதே நோட்டில் எழுதியிருக்கிறேன்.

கையோடு கொண்டுபோயிருந்த அந்தக் கள நோட்டை விரித்து அந்தப் பக்கத்தைச் செண்பகவல்லியின் மடியில் வைத்தேன். அவள் ஐந்து பேரையும் விரல் வைத்துப் படித்தாள். பிறகு, மாமியார் முகத்தைப் பார்க்காமல், அந்த அண்ணனை வரச் சொல்லுங்க மேடம் என்றாள்.

பேச்சியம்மாள் சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தேன். அதற்குப் பதில் தயாராக வைத்திருந்தேன். அவள் முடிச்சை அவிழ்த்துக் கழற்சிக்காய்களைத் தரையில் கொட்டினாள். அவை உருண்டு நின்றன. பிறகு கேட்டாள்:

“அப்போ அந்த மிச்சம் மூணு பேரு?”

வாய்மொழித் தேர்வில் மூன்று பேராசிரியர்கள் என் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். புத்தகத்துக்கு மதிப்புரை எழுதியவர்கள் இருந்தார்கள். முப்பத்தொரு ஆண்டு வகுப்பில் மாணவிகள் இருந்தார்கள். எல்லோரும் முப்பத்தொன்பதைத்தான் பார்த்தார்கள். நாற்பது ஆண்டில் ஒருவர்கூட அந்த மூன்று பேரைப் பற்றிக் கேட்டதில்லை. ஐந்தாம் வகுப்போடு நிறுத்திய இவள் கேட்டாள்.

பதில் தயாராக இல்லை. ஆனாலும் சொன்னேன். இங்கே எழுதவும் எழுதுகிறேன்.

பச்சமுத்து வந்த நாட்களில் அந்த மூவரும் காட்டுவேலைக்குப் போயிருந்தார்கள். மாத்திரை அவர்களுக்குக் கிடைக்கவில்லை. நாற்பத்திரண்டு பேரில் என் கஷாயத்தை மட்டுமே குடித்தவர்கள் அந்த மூன்று பேர்தாம். ஏழு நாளும், ஒரு வேளைகூடத் தவறாமல், என் கையால் வாங்கிக் குடித்தார்கள்.